பார்படாஸுக்கு எத்தனை மணி நேரம்?

போன வாரம் துபாயிலிருந்து பிரியா போன் செய்தாள். சத்வாவில் நான் முப்பத்தோரு வருடம் நாற்காலி தேய்த்த டிராவல்ஸ் ஆபீஸில் இப்போது அவள்தான் மேனேஜர். யாழ்ப்பாணத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னிடம் தொழில் கற்றதாக எல்லோரிடமும் சொல்லுவாள். அவ்வளவு நல்ல மனசு.

"அங்கிள், இஞ்சை புதுசா ஒரு கொம்பியூட்டர் புரோகிராம் போட்டிருக்கினம். கஸ்டமர் வந்திருந்தால் அதுவே பதினெட்டுக் கேள்வி கேக்கும். கடலோ மலையோ, சத்தமோ அமைதியோ, என்ன சாப்பாடு எண்டு எல்லாம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எந்தத் தீவு எண்டு சொல்லிப்போடும். பழைய ஸ்டாஃப் ஆளுக்கொரு கேள்வி சேர்க்கலாமாம். உங்கட கேள்வியைச் சொல்லுங்கோவன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. பால் வாங்கியாச்சா என்று ஹாஜரா கேட்பாள், அவ்வளவுதான். அவள் என் மனைவி. ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கேட்ட பாவத்துக்குப் பிரியாவுக்கு இந்த முழுக் கட்டுரையும் வந்து சேரப்போகிறது. பொறுத்துக்கொள்ளம்மா.

என் மேசைமேல் 'கரீபியன் ஸ்பெஷலிஸ்ட்' என்று ஒரு பலகை இருந்தது. பித்தளை. தினமும் காலையில் கைக்குட்டையால் துடைப்பேன். கரீபியன் கடல் எந்த நிறம், எந்தத் தீவில் மணல் வெள்ளை, எந்தத் தீவில் கறுப்பு, எந்த விடுதியில் வில்லாவுக்குத் தனி நீச்சல்குளம், எங்கே பொழுது சாயும்போது கடற்கரையில் மேசை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் மேற்கே போன அதிகபட்ச தூரம் மக்கா. உம்ராவுக்குப் போனது. அதுவும் பஸ்ஸில்.

பகலெல்லாம் ஜோடிகளுக்குத் தனிமை விற்பேன். சாயங்காலம் ரூமுக்குப் போனால் ஆறு பேர், மூன்று இரண்டடுக்குக் கட்டில், ஒரு குளியலறை. 'உங்கள் இருவருக்கு மட்டும்' என்று அச்சடித்த செயின்ட் லூசியா போஸ்டர் ஒன்றை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். அதன்மேல் ஆணி அடித்து ஒருத்தர் லுங்கி காயப்போடுவார். ஹாஜரா ஊரில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. இப்படிப்பட்ட ஆள்தான் ஐயா, புதுசாகக் கல்யாணமானவர்களுக்குத் தேனிலவு எங்கே போகலாம் என்று புத்தி சொன்னது.

சேர்ந்தது டைப்பிஸ்டாக. அப்புறம் டிக்கெட் கவுண்டர். அங்கே என் கஸ்டமர்கள் எல்லாம் ஊருக்குப் போகிற கம்பெனித் தொழிலாளிகள். லக்கேஜ் எத்தனை கிலோ என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கேள்வி கிடையாது. சத்வாவையும் ஜுமைராவையும் ஒரு சாலைதான் பிரிக்கிறது. ஜுமைரா வில்லாக்காரர்கள் எங்கள் தெருவுக்குத் துணி தைக்க வருவார்கள், அளவு கொடுத்துவிட்டு எங்கள் ஆபீஸில் நுழைந்து தீவு கேட்பார்கள். ஆள் போதாமல் என்னை அந்தப் பக்கம் தள்ளினார்கள். அப்படித்தான் ஸ்பெஷலிஸ்ட் ஆனேன்.

என்னை உருவாக்கினது மேடம் நதா. லெபனான்காரி, பங்குதாரர். கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அந்தச் சின்ன 'டக்' சத்தம் கேட்டால் ஆபீஸே ஊமையாகிவிடும்.

மேடத்தின் முறை ஒன்று உண்டு. ஜோடி வந்தால் இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போடவேண்டும். புத்தகம் ஒன்றுதான் கொடுக்கவேண்டும், இரண்டு கொடுக்கக்கூடாது. அதுதான் மடியில் விரித்துப் பார்க்கிற படப்புத்தகம். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு யார் பக்கத்தைத் திருப்புகிறார்கள் என்று கவனிக்கவேண்டும். திருப்புகிறவர் எப்படியும் பேசிவிடுவார். திருப்பாத ஆளைத்தான் நாம் கேட்கவேண்டும். கேட்டதை மஞ்சள் அட்டையில் எழுதவேண்டும். அந்த அட்டையில் கடைசிக் கட்டம்தான் முக்கியம். கஸ்டமர் தானாகக் கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே எழுதி, எத்தனை முறை கேட்டாரோ அத்தனை கோடு போடவேண்டும். "உன் மூளையை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுவராதே, ஷாகுல். காது மட்டும் போதும்" என்பார்.

மூளையைக் கொண்டுவராமல் இருக்க எனக்கு முடிந்ததா? முதல் வருடமே ஒரு வங்கிக்கார ஜோடியைச் செப்டம்பரில் அன்டிகுவாவுக்கு அனுப்பினேன். பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி விலை என்று யோசிக்கவில்லை, என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அது புயல் மாதம். நான்கு நாள் அவர்கள் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்த சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். வங்கிக்காரர் என் பித்தளைப் பலகையைக் கையில் எடுத்து, "எதில் ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்டார். 'டக்' என்று சத்தம் கேட்டது. அன்று முழுக்க மேடம் என்னைக் கஸ்டமர் நாற்காலியில் உட்காரவைத்தார். வந்தவர்களெல்லாம் என்னையும் ஊர்சுற்றப் போகிறவன் என்று நினைத்து எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

இன்னொரு தடவை ஒரு அம்மாள், மத்தியானத்தில் அந்த மணல் காலைச் சுடுமா என்று கேட்டார். சுடாது மேடம், நான் நடந்து பார்த்திருக்கிறேன் என்றேன். வாய்தானே, வந்துவிட்டது. நல்லவேளை, மணல் சுடவில்லையாம். திரும்பி வந்து எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தார். அதை ரூமில் ஆறு பேரும் தின்றோம். பொய் சொல்லி வாங்கினதாயிற்றே, எனக்கு மட்டும் கசந்தது.

இப்படி இருபத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் ஸ்டெல்லா வந்தார்.

ராஸ் அல் கைமாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஆஃப் நாளில் பஸ் பிடித்து வந்திருந்தார். எங்கள் ஆபீஸுக்கு வருகிற தமிழ் ஆட்கள் திருவனந்தபுரம், திருச்சி, மதுரை என்றுதான் கேட்பார்கள். இவர் நேராக என் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சார், கரீபியன் தீவு ஒண்ணுக்குப் போவணும். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும். நல்லதா, ஒசத்தியா உள்ளதாப் பாருங்க. ஜனவரியில எங்களுக்குக் கல்யாணம் ஆயி இருவத்தஞ்சு வருஷம்."

நான் கொஞ்சம் தயங்கினேன். அதை அவர் கவனித்துவிட்டார்.

"வீடு கெட்டியாச்சு சார். மாடியும் எடுத்தாச்சு. பையன் படிச்சு வேலைக்கும் போயாச்சு. இனி ஒரு செங்கல்லுக்குக்கூட நான் சம்பாதிக்க மாட்டேன்."

கணவர் ஆன்றனி, ஜுபைலில் பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டில் டெக்னீஷியன். கம்பெனி கேம்பில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சவூதி, இவர் எமிரேட்ஸ். வருடத்துக்கு ஒரு மாதம் ஊரில் சந்திப்பு. சில வருடங்களில் அவர் லீவும் இவர் லீவும் ஒத்துவராது. வந்தாலும் வீடு நிறைய ஆட்கள், ஞானஸ்நானம், கல்யாணம், ஆஸ்பத்திரி. "கூட்டிப் பாத்தா நாங்க சேந்து இருந்தது ரெண்டு வருஷங்கூட வராது சார்" என்றார். ஜனவரியில் ஆன்றனிக்குப் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருந்தது. அதன்பின் பிளான்ட்டை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுன் வேலை, அப்புறம் புது யூனிட் வேலை, ஒன்றரை வருடத்துக்கு லீவு என்று வாயையே திறக்க முடியாது. ஆக, இந்தப் பன்னிரண்டு நாள்தான். தவறினால் தவறினதுதான்.

இதற்காகத்தானே ஷாகுல் நீ பிறந்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தைக் கொடுத்தேன். ஸ்டெல்லா கேஸ் ஷீட் புரட்டுகிற வேகத்தில் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை. மேடத்தின் முறைப்படி திருப்பாத ஆளைக் கேட்கவேண்டும். திருப்பாத ஆள் ஜுபைலில் இருக்கிறார். போன் போட்டோம். பின்னால் மெஷின் சத்தம்.

"ஆன்றனி சார், வில்லாவுக்குத் தனி நீச்சல்குளம் வேண்டுமா, பொதுக் குளம் போதுமா?"

"கடலு இருக்கும்லா?"

"முன்னாலேயே இருக்கிறது."

"பொறவு என்னத்துக்கு சார் குளம்?"

"சரி, சாப்பாடு?"

"அவ என்ன சொல்லுதாளோ அதுதான் சார்." போனை வைத்துவிட்டார்.

நான் முதலில் நியாயமாக மாலத்தீவைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிறது, விசா தொல்லை இல்லை.

"எத்தன மணி நேரம் ஆவும்?" என்றார் ஸ்டெல்லா.

"நாலு மணி நேரந்தாங்க."

"வேண்டாம்."

"மொரீஷியஸ்?"

"எத்தன மணி நேரம்?"

"ஆறரை."

உதட்டைப் பிதுக்கினார். சரி, ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள யாரும் போகாத இடம் வேண்டும்போல என்று நினைத்தேன். கிரெனடாவை எடுத்தேன். அந்தத் தீவில் இறங்கினாலே ஜாதிக்காய் மணக்கும் என்று என் ஸ்பெஷல் வசனத்தை எடுத்துவிட்டேன்.

"ஜாதிக்காயா? எங்க வீட்டுக்குப் பின்னால நிக்குது சார் மரம்."

கடைசியில் பார்படாஸ். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம், லண்டன் வழியாகப் போக ஒரு ட்ரான்சிட் விசா எடுத்தால் போதும் என்று விளக்கினேன்.

"எத்தன மணி நேரம் ஆவும்?"

"லண்டன்ல காத்திருக்கிறதையும் சேர்த்தா இருபது மணி நேரம் ஆகுங்க."

"இருவதா!" என்று கண்ணை விரித்தார்.

"பயப்படாதீங்க. நான் குறைச்சுத் தர்றேன்" என்றேன்.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் எங்கே விட்டேன்? கடற்கரை வில்லாவுக்குத் தாவிவிட்டேன்.

மூன்று வாரம் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்தேன். பார்படாஸின் மேற்குக் கரை, அலை அடிக்காத பக்கம். ஜோடிகளுக்கு மட்டுமான விடுதி. படியிறங்கினால் மணல். வில்லா எந்தத் திசை பார்க்கிறது, சமையல்காரருக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியுமா என்பதுவரை விடுதிக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். விசாவும் இருவருக்கும் வந்துவிட்டது. பயணத்தை இருபதிலிருந்து பதினேழு மணி நேரமாகக் குறைத்தேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மூளையின் உச்சம் வேறொன்று. அதைச் சொன்னால்தான் என் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்குக் காதல் காட்சி எங்கே நடக்கும்? ஏர்போர்ட் வாசலில். ஒருத்தர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார், இன்னொருத்தர் கம்பிக்கு இந்தப் பக்கம் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனை ஆயிரம் டிக்கெட் போட்டிருப்பேன். புருஷனுக்கு ஒரு டிக்கெட், பெண்டாட்டிக்கு இன்னொரு டிக்கெட், வேறு வேறு ஊர், வேறு வேறு தேதி. கை அப்படியே பழகிவிட்டது. ஆகவே ஆன்றனிக்கு ஜுபைலுக்குப் பக்கத்து ஏர்போர்ட்டான தம்மாமிலிருந்து ஒரு டிக்கெட், ஸ்டெல்லாவுக்கு துபாயிலிருந்து ஒரு டிக்கெட். லண்டனிலிருந்து பார்படாஸுக்கு அவர் முதல் விமானம், இவர் அடுத்த விமானம். மூன்று மணி நேரம் முன்னாலேயே அவர் போய் இறங்குவார். பார்படாஸ் ஏர்போர்ட் வாசலில் கையில் பூங்கொத்தோடு நிற்பார். பூங்கொத்துக்கும் நானே சொல்லிவைத்துவிட்டேன்!

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது டிக்கெட்டை வாங்க ஸ்டெல்லா வந்தார். நான் பூங்கொத்து விஷயத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று அடக்கிவைத்திருந்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். மருந்து அளவு பார்ப்பதுபோல் இரண்டு முறை படித்தார்.

"இதுல அவியளுக்க சீட்டு எங்க சார் இருக்கு?"

"அவர் முன்னாடி போற ஃபிளைட்ல போறாருங்க. உங்களை ரிசீவ் பண்ண வாசல்ல பூவோட நிப்பாரு!"

ஸ்டெல்லா இரண்டு தாளையும் மடித்து மேசைமேல் வைத்தார்.

"இருவத்தஞ்சு வருஷமா வாசல்லதான் சார் நாங்க பாத்துக்கிடுதோம். திருவனந்தபுரத்துல அவிய நிப்பாவ, இல்லன்னா நான் நிப்பேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிளேன்ல சேந்து ஏறினது கெடையாது. சோறு தருவாவல்லா, அப்ப பக்கத்து சீட்டுல ஒரு ஜோடி இருக்கும். அந்தப் பொண்ணு பட்டரை எடுத்து அவன் தட்டுல வைக்கும். அதப் பாத்துக்கிட்டே நான் தின்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தீவு எதுன்னாலும் ஒண்ணுதான். ரொம்ப நேரம் போவணும், அவ்வளவுதான். பிளேன்ல யாரும் வரமாட்டாவ, போன் அடிக்காது, அவியளும் எழுந்து எங்கயும் போவ முடியாது."

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். அப்போது அவருக்கு வயதாகி வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அன்று பார்த்து வந்திருந்தார். மஞ்சள் அட்டையைக் கொண்டுவா என்றார். கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது, 'எத்தனை மணி நேரம் ஆகும்?' பக்கத்தில் மூன்று கோடு. அதற்குக் கீழே என் மூளை எழுதியது, 'நீண்ட பயணம் என்றால் பயம். குறைக்கவும்.'

கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "யல்லா ஷாகுல், உட்கார். முதலிலிருந்து ஆரம்பி" என்றார்.

ஆறு நாள். ஜனவரி. ஐரோப்பாவே குளிருக்குப் பயந்து அந்தத் தீவுகளுக்குக் கிளம்புகிற மாதம். சுலபமான வழி ஆன்றனி துபாய்க்கு வந்து இங்கிருந்து சேர்ந்து கிளம்புவது. அது நடக்கவில்லை. அவருடைய இக்காமாவில், அதுதான் சவூதி அடையாள அட்டை, தொழில் 'சுமை இறக்குபவர்' என்று போட்டிருந்தது. இருபது வருடமாக டெக்னீஷியன் வேலை பார்க்கிறவருக்கு விசா எடுத்த காலத்தில் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், காலியாக இருந்த தொழில் அதுதான். துபாய்க்கு நுழைவு விசாவுக்குப் போட்டுப் பார்த்தேன், தள்ளிவிட்டார்கள். சரி, இருவரும் வெளியே போகாமல் விமானம் மாறுகிற ஊர் எது என்று தேடினேன். தோஹா. தம்மாமிலிருந்து அவர் வரட்டும், துபாயிலிருந்து இவர் வரட்டும், விசா வேண்டாம், உள்ளேயே சந்தித்து லண்டன் விமானத்தில் ஏறட்டும்.

ஏறட்டும் என்று சொல்லியாயிற்று, சீட்டு? லண்டன் வரைக்கும் நடுவரிசையில் இரண்டு கிடைத்தது. லண்டனிலிருந்து பார்படாஸுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காலி. மூன்று நாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த சீட் வரைபடத்தைத் திறந்து முறைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஏர்லைன்ஸ்காரர்களுக்கெல்லாம் போன் அடித்தேன். "பாய், க்யா ஹுவா, உன் சொந்தக் கல்யாணமா?" என்று ஒருத்தன் கேலி செய்தான். மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். இரண்டு சீட் சேர்ந்து இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் தள்ளி. கடைசி வரிசை. பின்னால் கழிப்பறை. சீட் பின்னால் சாயாது. மேற்குக் கரையில் கடலைப் பார்த்த வில்லா எடுத்துக்கொடுத்த ஸ்பெஷலிஸ்ட், கழிப்பறைக்கு முந்தின வரிசையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னேன். தீவில் இரண்டு நாள் போய்விடும், விடுதிக்காரன் அந்த இரண்டு நாள் காசைத் திருப்பித் தரமாட்டான் என்றும் சொன்னேன். ஸ்டெல்லா கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எத்தன மணி நேரம் சார்?"

"தோஹாவுல நீங்க சேர்ந்ததிலேருந்து கணக்குப் போட்டா, லண்டன்ல அஞ்சு மணி நேரம் காத்துக்கிடக்கணும், எல்லாம் சேர்த்து இருபத்தோரு மணி நேரம்."

"போடுங்க அண்ணே" என்றார். அதுவரை நான் சார்.

கிளம்புகிற நாள் காலை. தோஹாவில் தம்மாம் விமானம் இறங்குவதற்கும் லண்டன் விமானம் கிளம்புவதற்கும் நடுவே எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றேகால் மணி நேரம். தம்மாம் விமானம் நாற்பது நிமிடம் லேட் என்று திரையில் வந்தது. என் மேசையில் நான்கு கஸ்டமர்கள் காத்திருந்தார்கள். பிரியாதான் அவர்களைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேச முடியாத ஊர் எங்களுடையது, வாய்ஸ் மெசேஜ் மட்டும் போகும். ஸ்டெல்லாவிடமிருந்து ஒன்று வந்தது. "அண்ணே, அவியளக் காணல. ஏறச் சொல்லுதாவ. நான் ஏறமாட்டேன். அவிய வராம நான் ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

நான் கடையை விட்டு வெளியே வந்து, எதிரே தையற்கடை வாசலில் நின்று யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் பிரசவத்துக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை. அப்போதும் நான் ஆபீஸில்தான் இருந்தேன், ஒரு ஜோடிக்கு ஜமைக்கா பார்த்துக்கொண்டு.

பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொரு மெசேஜ். முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் ஸ்டெல்லாவின் குரல். "வாராவ! அண்ணே, ஓடி வாராவ! செருப்பு ஒண்ணக் காணும்!" பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஆன்றனியின் குரல். "கெடக்கட்டும்ளா, வா." கடைசியில் ஸ்டெல்லா சிரிக்கிறார். "இதுவும் வாசல்தான் அண்ணே. ஆனா இந்த வாசல்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம் போறோம்."

தையற்கடைக்காரர் என்னைப் பார்த்து, "பாய், ஊரில் யாரும் மவுத்தா?" என்று கேட்டார். அப்படி அழுதிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. கடல் இல்லை, வில்லா இல்லை, மெழுகுவத்தி மேசை இல்லை. கழிப்பறைக்கு முந்தின வரிசை. ஆன்றனி வாயைத் திறந்துபோட்டு ஸ்டெல்லாவின் தோளில் தூங்குகிறார். ஸ்டெல்லா கையை நீட்டித் தானே எடுத்த படம். ஆன்றனி முன்னாலிருந்த தட்டில் இரண்டு பட்டர் இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார். 'தீவும் நல்லா இருந்துச்சு அண்ணே.'

அந்தத் 'தீவும்' என்பதில் இருக்கிற 'உம்'முக்காக நான் மூன்று வாரம் மாய்ந்திருக்கிறேன். மேடத்திடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அட்டையில் ஒட்டு என்றார். ஒட்டினேன். பித்தளைப் பலகையை அன்றே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்துத் திரும்ப எடுத்து வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பித்தளையாயிற்றே.

சரி, பிரியாவின் கேள்விக்கு வருகிறேன். 'நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாக எப்போது பயணம் போனீர்கள்?' இதுதான் என் பத்தொன்பதாவது கேள்வி. மெஷினில் போடுமுன் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று, நேற்று கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஹாஜராவிடம் கேட்டேன்.

அவள் நிமிரவே இல்லை. "நம்ம கல்யாணம் ஆன மறுவாரம். மதுர பஸ்ல."

"பாத்தியா, நான் மறந்தே போயிட்டேன்" என்றேன்.

"நீங்க எங்க மச்சான் உக்காந்தீங்க? பரமக்குடியில ஒரு பெரியவரு ஏறுனாரு. எந்திரிச்சு அவருக்கு சீட்டக் குடுத்துட்டு, மதுர வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தீங்க. நான் அந்தப் பெரியவரு கூடத்தான் வந்தேன்."

முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அதற்குப்பின் நான் அவளுக்கு எத்தனை டிக்கெட் போட்டிருக்கிறேன்! சென்னையில் மகள் வீட்டுக்கு, தம்பி வீட்டுக்கு, உம்ராவுக்கு அவள் அண்ணனோடு. எல்லாம் ஒற்றை டிக்கெட். அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு அவளை மருமகனோடு காரில் அனுப்புவதாக இருந்தேன். போனை எடுத்தேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயில், உட்கார்ந்து போகிற சீட்டு, ஜன்னலோரம் ஒன்று, பக்கத்தில் ஒன்று. யாராவது பெரியவர் வந்து நின்றாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

ஹாஜரா கீரையைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"எத்தன மணி நேரம் ஆவும்?"

"ஏழு மணி நேரம்."

"ஏழுதானா?"

புக்கிங் பக்கத்தை மூடிவிட்டு, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற ரயில் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.